யாரும் ஏறாத நிறுத்தம்

பதினாலாம் நம்பர் பஸ்ஸை ஓட்டுகிற அந்த அம்மாளுக்கும் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. பத்தொன்பது வருஷமாக ஒரே தடத்தில் ஓட்டி ஓட்டி அது தேய்ந்துபோய், பணிமனையில் எல்லோருக்கும் அவள் 'பதினாலு' ஆகிவிட்டாள். "பதினாலு வந்தாச்சா?" "பதினாலுக்கு டீ எடுத்து வையி." வீட்டில் கணவர்கூட மனசு நன்றாக இருக்கிற நாளில் அப்படித்தான் கூப்பிடுவார். நாமும் அப்படியே கூப்பிடலாம். அவள் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டாள்.

இன்றைக்குப் பதினோரு மணிக்கு அவளுக்குப் பரீட்சை. நாற்பத்தேழு வயதில், ஸ்பானிஷ் மொழியில், வாயால் சொல்லும் பரீட்சை. விடிந்ததிலிருந்தே அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பல் தேய்த்தது நினைவில் இல்லை. சட்டைப் பொத்தானை ஒன்று தள்ளிப் போட்டிருந்ததைக் கணவர்தான் பார்த்துச் சொன்னார். பயம் என்று சொல்லிவிட முடியாது. பயணம் கிளம்புகிற அன்றைக்குக் குழந்தைகளுக்கு வயிற்றுக்குள் ஒரு குறுகுறுப்பு வருமே, அது.

விஷயம் இதுதான். பஸ் கம்பெனி புதுவிதமான வண்டிகள் வாங்குகிறது. முன்னால் ஒரு முழு பஸ், அதன் முதுகில் கோத்த இன்னொரு பெட்டி, நடுவில் ஆர்மோனியம் மாதிரி விரிந்து சுருங்கும் ஒரு மடிப்பு. அதை ஓட்டப் பழகுவதற்கு மூன்று ஓட்டுநர்களை நாலு மாதம் அந்தத் தொழிற்சாலை இருக்கிற தேசத்துக்கே அனுப்பப்போகிறார்கள். அங்கே சொல்லிக்கொடுக்கிறவர்களுக்கு ஸ்பானிஷ் தவிர வேறு பாஷை தெரியாது. ஆகவே போக விரும்புகிறவர்கள் பேச்சுப் பரீட்சையில் தேற வேண்டும். முதல் நாள் பதினோரு பேர் பெயர் கொடுத்தார்கள். வினைச்சொற்கள் வந்ததும் ஏழு பேருக்குத் திடீரென்று வீட்டில் வேலை வந்துவிட்டது. மிச்சம் நாலு பேர், இடம் மூன்று. மற்ற மூவரும் முப்பத்தைந்து தாண்டாத ஆண்கள். கழிபடப்போகும் அந்த ஒருவர் யார் என்பதில் டீ அறையில் கருத்து வேறுபாடே இல்லை. அவளிடம் யாரும் நேராகச் சொல்லவில்லை, அவள் காதில் விழுகிற அளவுக்கு மட்டும் சொன்னார்கள்.

அவளுக்குப் போக வேண்டும். அவ்வளவுதான், அதில் சுற்றி வளைக்க ஒன்றுமில்லை. பதினாலு ஒரு வட்டத் தடம். பணிமனையில் கிளம்பி, ஆறு நிறுத்தம் போய், ரயில் நிலையத்தில் திரும்பி, பணிமனைக்கே வந்து நிற்கும். அவள் ஓட்டிய தூரத்தை நீட்டிப் போட்டால் உலகத்தைப் பல சுற்றுச் சுற்றலாம். ஆனால் அவள் அந்த ரயில் நிலையத்தில் ஒரு தடவைகூட ரயில் ஏறியதில்லை.

மாலை வகுப்பில் மூன்று மாதம் படித்தாள். முதல் இரண்டு மாதம் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. ஸ்பானிஷில் எந்த வினையை எடுத்தாலும் முதலில் வாலை நறுக்க வேண்டும். பிறகு 'ஆர்' என்று முடிந்தால் ஒரு வால், 'ஏர்' என்று முடிந்தால் வேறு வால், 'ஈர்' என்றால் இன்னொன்று ஒட்ட வேண்டும். அதுவும் நான், நீ, அவள், நாம் என்று ஆளுக்கு ஆள் மாறும். நறுக்கி நறுக்கி அவள் நோட்டு கறிகாய்ப் பலகை ஆகிவிட்டது. அப்போதுதான் ஒரு புதன்கிழமை, 'இப்படி இருந்தால் நான் இதைச் செய்வேன்' என்று சொல்வதற்கான நிபந்தனை வடிவம் வந்தது.

"இதுல எதையும் வெட்ட வேண்டாம்," என்றார் வாத்தியார். "முழு வினையையும் அப்படியே வெச்சுக்கிட்டு, பின்னாடி கோத்துடுங்க. மூணு வகைக்கும் ஒரே வால்தான். முரண்டு பிடிக்கிறது ஒரு டஜன் இருக்கு, அதுங்களை அப்புறம் பாத்துக்கலாம்."

அப்லார் என்றால் பேசுவது. அப்லாரீயா, நான் பேசுவேன். கொமேர் என்றால் சாப்பிடுவது. கொமெரீயா. பிபீர் என்றால் வாழ்வது. பிபிரீயா. பதினாலு நாற்காலியை விட்டு எழுந்தே விட்டாள்.

"சார், இது நம்ம புது பஸ்ஸுதானே. முன்னாடி வண்டியைத் தொடவே வேண்டாம், பின்னாடி பெட்டியை மாட்டிட்டா போதும்."

வகுப்பு சிரித்தது. வாத்தியார் சிரிக்காமல் அதைத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். அன்றைக்குப் பிடித்தது அவளுக்குப் பைத்தியம்.

ஆறு வால், ஆறு நிறுத்தம். கடவுளே பார்த்துக் கொடுத்த கணக்கு என்று நினைத்தாள். முதல் நிறுத்தம் பணிமனை வாசல், அது 'நான்': ஈயா. இரண்டாவது ரொட்டிக்கடை, 'நீ': ஈயாஸ். மூன்றாவது பல் ஆஸ்பத்திரி, 'அவன், அவள்': மறுபடியும் ஈயா. நாலாவது பள்ளிக்கூடம், 'நாம்': ஈயாமோஸ். ஐந்தாவது நீதிமன்றம், கறுப்புக் கோட்டுக் கூட்டம் ஏறுகிற இடம், 'நீங்களெல்லாம்': ஈயாய்ஸ். ஆறாவது ரயில் நிலையம், 'அவர்கள்': ஈயான். சுற்றுக்கு ஒரு வினை. நிறுத்தத்துக்கு ஒரு வால். சுபீர், ஏறுவது. பஹார், இறங்குவது. எஸ்பெரார், காத்திருப்பது. எல்லாம் பஸ்ஸுக்குள்ளேயே கிடைக்கிற வினைகள். பிரேக்கை மிதிக்கும்போது வால் தானாக வாயில் வந்து நின்றது.

இதில் ஒரே ஒரு இடத்தில்தான் கொஞ்சம் நொண்டியடித்தது. பணிமனை வாசலில் நிறுத்தப் பலகை உண்டே தவிர, அங்கே யாரும் ஏறுவதில்லை. எதிரே நீளமான மதில் சுவர், பக்கத்தில் ஒரு கடைகூட இல்லை. பத்தொன்பது வருஷத்தில் அவள் அங்கே பிரேக் மிதித்ததே கிடையாது. ஆகவே 'நான்' வந்ததும் தெரியாமல் போனதும் தெரியாமல் இரண்டாவது கியரில் கடந்துபோய்விடும். அதைப் பற்றி அவள் கவலைப்படவில்லை. மூன்றாவது நிறுத்தத்திலும் அதே ஈயாதானே, அங்கே சேர்த்துப் பிடித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

கணவருக்குப் பல் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே மூக்குக் கண்ணாடிக் கடை. அவள் படுகிற பாட்டைப் பார்த்துவிட்டு, கண் பரிசோதனை அட்டை மாதிரியே ஒரு அட்டை எழுதிக்கொடுத்தார். மேல் வரியில் பூதம்போல் பெரிய எழுத்தில் 'ஈயா'. கீழே வர வர எழுத்து சிறுத்து, கடைசி வரியில் எறும்பு மாதிரி 'ஈயான்'. அதைச் சாப்பாட்டு மேஜைக்கு எதிரே மாட்டினார். இரண்டு அட்டை எழுதினார். ஒன்று வீணானால் இன்னொன்று இருக்கட்டும் என்றார்.

"நீங்களும் கூட நின்னு சொல்லுங்களேன்," என்று அவள் கேட்டுப் பார்த்தாள்.

"என்னை விடு. எனக்கு நாக்கு புரளாது. நீ படி, நான் கேட்டுக்கிறேன்." பிறகு அட்டையைப் பார்த்துச் சொன்னார், "ஒரு வேடிக்கை தெரியுமா? கடைக்கு வர்றவங்க யாருமே மேல் வரியைப் படிக்கறதில்ல. அது தெரியும்னு விட்டுட்டு, நேரா கீழ போயி கண்ணைச் சுருக்குவாங்க."

அவர் ஒருவர்தான் அவளைப் போ என்று சொன்னவர். நாத்தனார், மாடி வீட்டில் இருப்பவள், படியிறங்கி வந்து அட்டையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அண்ணி, நாலு மாசம் எங்க அண்ணன் என்ன சாப்பிடும்?" என்று கேட்டாள். "உங்க அண்ணனுக்குக் கை இருக்கு, அடுப்பு இருக்கு, தங்கச்சியும் இருக்கா," என்றாள் பதினாலு. நாத்தனார் வந்த படியிலேயே ஏறிப்போய்விட்டாள்.

இப்போது பரீட்சை நாள் காலைக்கு வருவோம். பரீட்சைக்கு முன்னால் ஒரே ஒரு நடை ஓட்ட வேண்டும். வண்டியில் நிறுத்தங்களின் பெயரைத் தானாகச் சொல்லும் இயந்திரம் வாயடைத்துப் பல மாதமாகிறது. ஓட்டுநரே மைக்கில் சொல்லிக்கொள்ள வேண்டியதுதான். விசையைத் தட்டினால் மைக் உயிர்பெறும், மறுபடி தட்டினால் அடங்கும். சிவப்பு விளக்கு எரிந்தால் மைக் திறந்திருக்கிறது என்று அர்த்தம், அந்த விளக்கும் ஃப்யூஸ் போய்விட்டது. முன்பக்கத்து ஒலிபெருக்கிகளும் செத்துவிட்டன. ஓட்டுநரின் கண்ணாடி அறைக்குள் இன்ஜின் சத்தம் ஒன்றுதான் கேட்கும்.

பணிமனை வாசலை இரண்டாவது கியரில் கடந்தாள். இன்றைய வினை எஸ்பெரார், காத்திருப்பது. ரொட்டிக்கடையில் எஸ்பெரரீயாஸ், நீ காத்திருப்பாய். பல் ஆஸ்பத்திரியில் எஸ்பெரரீயா. உடம்பெல்லாம் ஒரு துள்ளல். இன்னும் மூன்று மணி நேரத்தில் பரீட்சை என்று நினைத்தாலே ஸ்டியரிங்கில் விரல்கள் தாளம் போட்டன. பள்ளிக்கூடத்துக்கு முன்னால் சிக்னல் விழுந்தது. வண்டி நின்றது, இன்ஜின் சத்தம் அடங்கியது.

"எஸ்பெரரீ..." என்று ஆரம்பித்தாள். வால் வரவில்லை. தினமும் வருகிற வால். "எஸ்பெரரீ... எஸ்பெரரீ..."

"யாமோஸ்," என்றது பஸ்.

ஒருவர் இருவர் இல்லை. முப்பது நாற்பது குரல், கம்பியைப் பிடித்து நிற்கிறவர், உட்கார்ந்திருப்பவர், பள்ளிப் பிள்ளைகள் எல்லோருமாகச் சேர்ந்து ஒரே வாயாக. பதினாலுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கண்ணாடிக் கதவைத் திறந்து திரும்பிப் பார்த்தாள். பஸ் முழுக்கப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது.

"மைக்கு?" என்றாள்.

"மூணு வாரமா திறந்தேதான் இருக்கு அக்கா," என்றாள் முன்வரிசையில் இருந்த பல் ஆஸ்பத்திரி நர்ஸ். இரவு வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவள், தினமும் மூன்றாவது நிறுத்தத்தில் ஏறுகிறவள். "நீங்க அந்த விசையைத் தட்டுறீங்க, அது அடங்க மாட்டேங்குது. தேஞ்சு போயிருக்கும்."

"மூணு வாரமா? யாராச்சும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?" அவளுக்குக் காது மடல் வரைக்கும் சூடேறியது.

"சொன்னா நிறுத்திடுவீங்களே," என்றார் பின்னால் செய்தித்தாளை மடித்து வைத்திருந்த வக்கீல் குமாஸ்தா. "போன வாரம் ஒருநாள் நீங்க லீவு. வந்த டிரைவர் ரொட்டிக்கடை, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம்னு வெறும் பேரா சொல்லிட்டுப் போனாரு. நாள் பூரா எனக்கு எதையோ வீட்டுல மறந்து வெச்சுட்டு வந்த மாதிரி இருந்துது."

"இன்னைக்குத்தானே பரீட்சை?" என்றது ஒரு குரல். அதையும் அவள் மைக்கில் புலம்பியிருக்கிறாள் போலிருக்கிறது. நாத்தனாரைப் பற்றி என்னவெல்லாம் புலம்பினோம் என்று நினைத்தபோது அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும் அக்கா," என்றாள் நர்ஸ். "எங்களுக்கு எல்லாம் ரெண்டாவதுலேருந்துதான் தெரியும். முதல்ல என்ன வரும்? அங்க எங்கள்ல யாரும் ஏறுறதில்லையே."

"அதுவா? அது ஆளில்லாத ஸ்டாப்பு. அதை விடு." சிக்னல் பச்சையானது. அவள் கதவைச் சாத்திக் கியரைப் போட்டாள். நீதிமன்றத்தில் பஸ்ஸே ஈயாய்ஸ் சொன்னது, இறங்கிய குமாஸ்தா தன் தொப்பியைக் கழற்றி ஆட்டினார். ரயில் நிலையத்தில் ஈயான் சொல்லிவிட்டு, இறங்குகிறவர்கள் ஒவ்வொருவரும் அவள் கண்ணாடியைத் தட்டிவிட்டுப் போனார்கள். குமாஸ்தா தன் தொப்பியைக் கழற்றி ஆட்டினார். திரும்பி வரும் வழியெல்லாம் அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. இப்படி ஒரு பஸ் முதுகுக்குப் பின்னால் இருக்கும்போது தோற்பதாவது என்று தோன்றியது.

பரீட்சை பணிமனை மாடியிலேயே. பதினொன்றுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது டைம் கீப்பர் கீழே மேஜையிலிருந்து தலையைத் தூக்கி, "பதினாலு, மத்த மூணு பேரும் முடிச்சாச்சு. மூணு பேர் மூஞ்சியும் நல்லாத்தான் இருக்கு. மேல போ," என்றார். ஆறுதல் சொல்கிறாரா, பயமுறுத்துகிறாரா என்று தெரியவில்லை.

சின்ன அறை. ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, தண்ணீர்க் கூஜா, சுவரில் கடிகாரம். பரீட்சை வாங்க வந்திருந்த அம்மாள் கழுத்தில் சங்கிலி போட்டுக் கண்ணாடியைத் தொங்கவிட்டிருந்தாள். கண்ணாடிக்காரர் பெண்டாட்டிக்கு அந்த நேரத்திலும் அந்தக் கண்ணாடியின் இடது காம்பு தளர்ந்திருப்பது கண்ணில் பட்டது. உள்ளே நுழைந்ததிலிருந்து அந்த அம்மாள் ஸ்பானிஷ் தவிர ஒரு சொல் பேசவில்லை.

முதலில் வினைகளைக் கொடுத்தாள். அப்லார். பதினாலு மேஜைக்கு அடியில் இரண்டு கையையும் ஸ்டியரிங் பிடிப்பதுபோல் வைத்துக்கொண்டு கிளம்பினாள். அப்லாரீயா, அப்லாரீயாஸ், அப்லாரீயா, அப்லாரீயாமோஸ், அப்லாரீயாய்ஸ், அப்லாரீயான். ரயில் நிலையத்தில் வந்து நின்றாள். அடுத்து கொமேர். அடுத்து பிபீர். அடுத்து எஸ்கிரிபீர், எழுதுவது. ஒன்றுக்கும் வழியில் பிரேக் டவுன் இல்லை. அந்த அம்மாள் பேனாவை வேகமாக ஓட்ட வேண்டியிருந்தது.

பிறகு கேள்விகள். நடுவழியில் பஸ் நின்றுபோனால் பயணிகள் என்ன செய்வார்கள்? எஸ்பெரரீயான், காத்திருப்பார்கள். நல்ல ஓட்டுநர் என்ன செய்வார்? அப்லாரீயா, அவர்களோடு பேசுவார். பரீட்சை அம்மாள் உதட்டோரம் லேசாகச் சிரித்தாள். பதினாலுக்கு உற்சாகம் உச்சிக்கு ஏறியது. இன்னும் ஒரு கேள்விதான் பாக்கி. மூன்றாவது இடம் என்ன, முதல் இடமே கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது.

கடைசிக் கேள்வி வந்தது. உங்களுக்கென்று ஒரு முழு நாள் இருந்தால் என்ன செய்வீர்கள்? நாலு வாக்கியமாவது சொல்லுங்கள்.

"என் கணவர் தூங்குவார்," என்றாள் பதினாலு ஸ்பானிஷில், தயங்காமல். தோர்மிரீயா. அழகாக வந்தது.

அம்மாள் தலையாட்டினாள். "ஈ உஸ்தெத்?" நீங்கள்?

"என் நாத்தனார் பேசுவாள். பேசிக்கொண்டே சாப்பிடுவாள்."

"ஈ உஸ்தெத்?"

"பயணிகள் காத்திருப்பார்கள்."

அம்மாள் பேனாவைக் கீழே வைத்தாள். "அவர்கள் சரி," என்றாள் மெதுவாக, அதே மொழியில். "நீங்கள்?"

பதினாலு வாயைத் திறந்தாள். வால் தயாராக இருந்தது, ஈயா, இதைவிடச் சுலபமான வால் கிடையாது. அதை மாட்ட, முன்னால் இருக்க வேண்டிய வண்டிதான் இல்லை. நான் என்ன செய்வேன்? ஸ்பானிஷில் தெரியவில்லை என்று முதலில் நினைத்தாள். பிறகு சொந்தப் பாஷையில் யோசித்துப் பார்த்தாள். அதிலும் தெரியவில்லை. அவள் அப்படி ஒரு வாக்கியத்தை எந்தப் பாஷையிலும் சொன்னதில்லை. கடிகாரத்து முள் ஓடுகிற சத்தம் கேட்டது. டீ அறை கண்ணுக்கு முன்னால் வந்து, நான் அப்பவே சொன்னேனே என்றது.

எங்கே தவறு நடந்தது என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. மூன்று வாரமாக ஊரையே ஏற்றி இறக்கினாள். எல்லாருக்கும் நின்றாள், எல்லாருக்கும் கதவைத் திறந்தாள். முதல் நிறுத்தத்தில் மட்டும் நிற்கவே இல்லை. ஆளில்லாத ஸ்டாப்பு, விடு.

கண்ணை மூடிக்கொண்டாள். பணிமனை வாசல், நீளமான மதில் சுவர், துருப்பிடித்த பலகை. இரண்டாவது கியரிலிருந்து இறக்கி, பிரேக்கை மிதித்து, வண்டியை நிறுத்தினாள். கதவைத் திறந்தாள். அங்கே ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள், சட்டைப் பொத்தானை ஒன்று தள்ளிப் போட்டுக்கொண்டு.

"சுபிரீயா," என்றாள் பதினாலு. நான் ஏறுவேன்.

அம்மாள் பேனாவை எடுத்தாள்.

"பஸ்ஸில் ஏறுவேன். வேறு யாராவது ஓட்டுவார்கள்." "மே செந்தரீயா, ஜன்னல் பக்கத்தில் உட்காருவேன். மிரரீயா, பக்கவாட்டில் பார்ப்பேன். பத்தொன்பது வருஷமாக முன்னால் மட்டும் பார்க்கிறேன். தெருவுக்குப் பக்கம் என்று ஒன்று இருக்கிறது, கடைக்கு உள்பக்கம் என்று ஒன்று இருக்கிறது, அதை எல்லாம் பார்ப்பேன். உட்கார்ந்து சாப்பிடுவேன். ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்குவேன்." கைகள் மேஜைக்கு அடியிலிருந்து வெளியே வந்துவிட்டன. ஸ்டியரிங் தேவைப்படவில்லை. தப்பும் தவறுமாக நடுநடுவே சொற்கள் வந்து விழுந்தன, வால் மட்டும் ஒவ்வொன்றிலும் கச்சிதமாக மாட்டிக்கொண்டது. ஈயா, ஈயா, ஈயா. இவ்வளவும் எங்கே இருந்தது என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. சிரிப்பும் வந்தது.

"எதுவரை போவீர்கள்?" என்று கேட்டாள் அம்மாள். அது பரீட்சைத் தாளில் இல்லாத கேள்வி.

"நோ ப்ரெகுந்தரீயா," என்றாள் பதினாலு. கேட்க மாட்டேன். "நோ பஹரீயா." எங்கேயும் இறங்கவும் மாட்டேன்.

அம்மாள் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, வாய்விட்டுச் சிரித்தாள்.

அரை மணி நேரத்தில் டைம் கீப்பர் மாடியிலிருந்து ஒரு காகிதத்தோடு இறங்கி வந்து அறிவிப்புப் பலகையில் குத்தினார். மூன்று பெயர். பதினாலு வழக்கப்படி கடைசி வரியிலிருந்து தேட ஆரம்பித்தாள். மூன்றாவது வரியில் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. முகம் சுருங்கப்போன நேரத்தில் டைம் கீப்பர் அவள் தலையை லேசாகத் தூக்கிவிட்டார்.

"மேல பாரு பதினாலு."

மேல் வரியில் இருந்தது. பத்தொன்பது வருஷமாக அங்கே யாரும் சொல்லாத அவளுடைய முழுப் பெயர். ஒரு நிமிஷம் அது யார் என்றே அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்ததும் பக்கத்திலிருந்த டைம் கீப்பரின் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினாள். டீ அறையிலிருந்து எட்டிப் பார்த்த நாலைந்து பேர் கை தட்டினார்கள், கொஞ்சம் அசடு வழியத்தான்.

மத்தியானத்துக்கு மேல் அவளுக்கு விடுப்பு. பணிமனை வாசலுக்கு வந்து, மதில் சுவருக்கு எதிரே அந்தத் துருப்பிடித்த பலகைக்குக் கீழே நின்றாள். பதினாலு வந்தது. மாற்று ஓட்டுநர், இளவட்டம், வழக்கப்படி இரண்டாவது கியரில் கடக்கப் பார்த்தான். அவள் கையைக் காட்டினாள். வண்டி பத்தடி தள்ளிப்போய்க் குலுங்கி நின்றது.

"அக்கா, நீங்களா? இங்க யாரும் ஏற மாட்டாங்களே," என்றான் அவன்.

"இன்னைக்கு ஏறுறாங்க," என்றாள். ஏறி, ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பக்கவாட்டு உலகம் மெல்ல நகர்ந்தது. ரொட்டிக்கடைக்குள் ஒரு பூனை மாவு மூட்டைமேல் தூங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கடையில் பூனை இருப்பதே அவளுக்குத் தெரியாது. மாடி ஜன்னல்களில் செடிகள், ஒரு பால்கனியில் யாரோ தலை துவட்டிக்கொண்டிருந்தார்கள். எல்லாவற்றையும் வாரி வாரிப் பார்த்தாள். கணவருக்கு இன்னும் சொல்லவில்லை. ராத்திரி சாப்பாட்டு மேஜையில், அட்டைக்கு எதிரே நின்று சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தாள்.

பல் ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் பஸ் நின்றது. அவள் ஜன்னலுக்கு நேரே கணவரின் கடை. இந்தக் கடையின் பெயர்ப் பலகையை அவள் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கடந்திருக்கிறாள். ஓட்டுநர் இருக்கையிலிருந்து பலகையைத் தவிர வேறு எதுவும் தெரியாது. இப்போது கண்ணாடி வழியாக உள்ளே தெரிந்தது. கடையில் ஒரு வாடிக்கையாளரும் இல்லை. சுவரில் கண் பரிசோதனை அட்டை மாட்டும் இடத்தில் அந்த இரண்டாவது அட்டை தொங்கியது. அதற்கு முன்னால் அவர் நின்றுகொண்டு, கையில் இருந்த குச்சியால் நாலாவது வரியைத் தொட்டுத் தொட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார். வாய் அகலமாகத் திறந்து, பிறகு குவிந்தது. யா, மோஸ். புரளவில்லை. தலையை ஆட்டிவிட்டு மறுபடி ஆரம்பித்தார். யா, மோஸ். நாக்கு புரளாத மனுஷர், யாருக்கும் தெரியாமல், மூன்று வாரமோ மூன்று மாதமோ, நாம் இதைச் செய்வோம், நாம் அதைச் செய்வோம் என்று தனியாக நின்று சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறார்.

பதினாலு ஜன்னல் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு பார்த்தாள். அவ்வளவு சந்தோஷம் ஒரு உடம்புக்குள் எப்படி அடங்கும் என்று தெரியவில்லை. கதவு சாத்தப்போகிற நேரத்தில் மணியை அழுத்தினாள்.

"அக்கா, உங்க வீடு இன்னும் ரெண்டு ஸ்டாப் தள்ளியில்ல இருக்கு?" என்றான் ஓட்டுநர், மைக்கிலேயே.

"கதவைத் தொற தம்பி," என்றாள் பதினாலு. எங்கேயும் இறங்க மாட்டேன் என்று ஒன்றரை மணி நேரத்துக்கு முன்னால்தான் அவ்வளவு அழகாக ஸ்பானிஷில் சொல்லிவிட்டு வந்தவள், மூன்றாவது நிறுத்தத்திலேயே இறங்கினாள்.